சுண்டக் காய்ச்சிய பால்

பாண்டிமீனா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். அவளைத் தேற்ற வீரணன் ஒரு கறவை மாடே வாங்கிவிட்டான். திருமங்கலத்துக்குத் தெற்கே இருந்த அவர்கள் ஊரில் பெண்டாட்டிக்காக மாடு வாங்கினவன் அவன் ஒருத்தன்தான். புருசன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும் அவனுக்கு.

அவனே கறந்து, அவனே சுண்டக் காய்ச்சி, காலையும் சாயங்காலமும் அவள் கையில் கொடுப்பான். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் ஒரு சொம்புத் தண்ணி மோந்து கொடுக்காத மகராசன்! அவளும் சொட்டு விடாமல் குடிப்பாள். குடித்த கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டும், கொல்லைக்கு ஓடுவாள். சோறு, கறி, முட்டை எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பது அவள் எண்ணம்.

செய்தது யார் என்று வீரணனுக்குத் தெரியும். நெல் அறுக்கிற மெஷின் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் அவன் வாங்கிவந்த எச்.ஐ.வி. அது. போன வருசம் அவனுக்கும் இதே மாதிரி வயிறு போய், ஆள் பாதியானான். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள், தேறிவிட்டான். மனைவியையும் கூட்டி வாருங்கள் என்று போகிறபோதெல்லாம் சொன்னார்கள். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அறுப்பு முடியட்டும் என்று இவன் அளந்துவிட்டான். மாடு வந்ததில் இன்னொரு சௌகரியம், மாத்திரை டப்பாவைப் புண்ணாக்கு மூட்டைக்குள் ஒளித்து வைக்கலாம். அவன் மட்டும் தவறாமல் தின்றான். வெட்கங்கெட்ட வயிறு, அவனுக்கு நன்றாகவே செரித்தது.

அவள் தெருவில் மயங்கி விழுந்த பிறகுதான் திருமங்கலத்தில் பவதாரிணி டாக்டரிடம் கூட்டிப்போனான். பால் என்றதுமே டாக்டர் நிறுத்தச் சொன்னார். சிறுகுடலின் உட்புறம் டர்க்கி டவல் மாதிரி இழை இழையாக இருக்குமாம், சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுவது அதுதானாம். அது தேய்ந்துபோனால் எவ்வளவு தின்றாலும் உடம்பில் சேராது, பாலில் இருக்கிற சர்க்கரையும் செரிக்காமல் பேதியாகப் போய்விடும் என்றார். எதனால் தேய்ந்தது என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உடம்பு தாங்காது என்றும் சொன்னார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று வீரணனைக் கேட்டார். அவன் சீலிங் ஃபேனைப் பார்த்தான். நாளைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அவளைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டான், பாவிப்பயல்.

மறுநாள் காலையில் தொழுவத்தைக் கூட்டிவிட்டு வந்தவன் அடுப்படி வாசலிலேயே நின்றான். பாண்டிமீனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா வேணாம்னாங்கள்ல?"

"எனக்குன்னு ஆசையா வாங்குன மாடு, மாமா. அம்புட்டுப் பாலையும் சொசைட்டிக்கு ஊத்துனா உங்களுக்கு மனசு கேக்காது. கொஞ்சமாக் குடிச்சுக்கிறேன்."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. டம்ளரைப் பிடுங்கி வாசலில் கொட்டினான். தொழுவத்துக்குப் போய் மூட்டைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தான். மெஷின் ஓட்டப்போன இடத்தில் நடந்தது, ஆஸ்பத்திரி, சொன்ன பொய்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினான். உனக்கும் இதே மாத்திரையைக் கொடுப்பார்கள், நீயும் தேறிவிடுவாய், இப்போதே மதுரைக்குக் கிளம்பு என்று அழுதான்.

அவள் அழவில்லை. டப்பாவில் ஒட்டியிருந்த புண்ணாக்குத் தூளை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மாடு வாங்கப் போன அன்னிக்கு, என்னைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல மாமா?"

எழுந்திரிக்க முடியாமல் அவள் தடுமாறவும் அவன் கையை நீட்டினான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.