அம்மாவின் நாலு வரி

பகல் முழுக்க அடுத்தவர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுச் சம்பாதிக்கிறவள் நான். வீடு திரும்பும்போது காது செத்துப்போயிருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் என் கணவர் ஒரு ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ வேண்டாமென்று பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டது. நம் கைக்கு எட்டியது இதுதான் என்றார். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

வாங்கியது எனக்காகத்தான். என்னிடம் ஒரே ஒரு இசைத்தட்டு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு அம்மா இருந்த பாட்டுக் குழு கைக்காசு போட்டு வெளியிட்டது. அதில் நாலு வரி அம்மா தனியாகப் பாடுகிறாள் என்று அப்பா சொல்வார். நான் தவழ்கிற வயதிலேயே அவள் இறந்துபோய்விட்டாள். அவள் குரல் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அது இருந்த ஒரே இடம் அந்தத் தட்டுதான்.

வந்த அன்றே போட்டோம். சரியாக அம்மாவின் முறை வந்ததும் ஊசி துள்ளிக் கடைசிப் பாட்டில் போய் விழுந்தது. மறுபடி போட்டால் மறுபடியும் துள்ளல். அம்மாவைத் துண்டு துண்டாகக் கேட்க முடியாது, ஒழுங்கு பண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போய்ப் படுத்துவிட்டேன்.

அவருக்கு வாகன நிறுத்துமிடத்தில் மாலை வேலை; பகலில் வீட்டில்தான் இருப்பார். தலைகீழாக நின்று பார்த்தார். கடைசியில் ஊசிக்கு மேலே ஒரு காசை டேப் போட்டு ஒட்டியதும் துள்ளல் நின்றது. புது ஊசி வாங்காமலே சரிசெய்துவிட்டதில் மனிதருக்கு ஏகப் பெருமை. நான்தான் அலுப்பில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் தினமும் அந்த நாலு வரியைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

விடுமுறையன்று ஒருவழியாக உட்கார்ந்தேன். ஊசி துள்ளவில்லை. குழு பாடியது. அம்மாவின் இடம் வந்ததும் வெறும் கரகரப்பு. பழைய ஊசி, அதன் தலையில் பாரம் வேறு. குரலைச் சுரண்டியே எடுத்துவிட்டிருந்தது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "மொதல்ல தெளிவாதான் இருந்துச்சு. போகப்போகக் கொறைஞ்சுது. எனக்குத்தான் காது மந்தமாகுதோன்னு நெனச்சேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. வெகுநேரம் அழுதேன். பிறகு கேட்டேன்.

"நீங்க கேட்டிருக்கீங்கல்ல. பாடிக் காட்டுங்க."

"எனக்குச் சுருதியே நிக்காதே."

"நிக்க வேணாம். பாடுங்க."

அவர் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சுருதி கண்டபடி அலைந்தது. மூன்றாவது வரியின் நடுவில் சட்டென்று நிறுத்தினார். மறந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல," என்றார். "இங்க அத்தை மூச்சு வாங்குவாங்க."