பச்சையாகிப் போன ஊருணி

கோயம்புத்தூரில் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பிய ஏகப்பன், முதல் வேலையாக ஊருணியைத் தூர்வாரினார். கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சின்ன ஊரில் குழாய்த் தண்ணீர் உப்பு. சோறு பொங்க எல்லா வீட்டுக்கும் ஊருணித் தண்ணீர்தான். அதிலோ அல்லியும் கோரையும் மண்டி, நடுவில் மேடு தட்டிக் கிடந்தது. ஜேசிபியைக் கொண்டுவந்து ஒரு தண்டு மிச்சமில்லாமல் வழித்தெடுத்தார். ஊரே மெச்சியது.

ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியது. கலங்கல் மட்டும் தெளியவில்லை. தை பிறந்ததும் கலங்கல் போய்ப் பச்சை வந்தது, கீரையை அரைத்துக் கரைத்துவிட்டாற்போல. கூடவே நாற்றம். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார்கள். அவர் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்தது. வெளியே தலைகாட்டவே கூசினார்.

காரைக்குடியில் ஒரு கடைக்காரர், இரண்டே நாளில் பச்சை போய்விடும் என்று ஒரு மருந்து மூட்டையைக் கொடுத்துவிட்டார். அதைப் பிரிக்கும் நேரத்தில், சிவகங்கையில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் மகள் சௌபர்ணிகா வந்து சேர்ந்தாள். படித்துறையில் இறங்கி ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"அடியோட வழிச்சுட்டீக அப்பச்சி. வெறுந்தரையில மொதல்ல வர்றது இந்தப் பொடிப்பாசிதான். அதைத் தின்கிற பூச்சி பின்னால வரும். அப்புறம் வேர்விட்ட பாசி வந்து தண்ணியத் தெளிய வைக்கும். மருந்து போட்டா எல்லாம் திரும்ப மொதல்லேருந்து."

"எவ்வளவு நாளாகும்?"

"தெரியாது அப்பச்சி."

தெரியாது என்று அவள் சொன்னதால்தான் அவருக்கு நம்பத் தோன்றியது. மூட்டையைத் திருப்பி அனுப்பினார். ஆயி என்ற வார்டு மெம்பரிடம் போய் அவகாசம் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, அடுத்த மழை வரைக்கும் பார்க்கலாம் என்றாள். அதுவரை லாரித் தண்ணீருக்கு அவரே ஏற்பாடு செய்தார்.

தினமும் காலையில் படித்துறைக்குப் போய் நின்றார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற பூச்சிகள் முதலில் வந்தன. பிறகு தட்டான்கள், தலைப்பிரட்டைகள். கொக்குக் காலில் ஒட்டி வந்ததோ என்னவோ, கரையோரம் ஒரு கொத்து வேலம்பாசி வேர்பிடித்தது. ஆடிக்குள் அது அடித்தரையில் பாய் விரித்தாற்போலப் பரவியது. பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது. மழைக்குப் பிறகு ஒரு நாள், தண்ணீருக்குள் மூன்றாம் படி தெரிந்தது. மூலையில் இரண்டு அல்லி இலைகள்.

மகளுக்குப் போன் செய்தார். கோரையும் வரும், மண்ணும் சேரும், விட்டால் ஒரு காலத்தில் ஊருணியே மேடாகிவிடும் என்றாள் அவள். அடுத்த தடவை பாதியை மட்டும் தூர்வாரி, மறுபாதியை அப்படியே விடச் சொன்னாள். சரி என்றார்.

அந்த வாரமே ஆயி ஒரு குடம் மொண்டு போனாள். மறுநாள் அவரைப் படித்துறையில் கண்டதும் நின்றாள்.

"நேத்து இந்தத் தண்ணியிலதான் பருப்பு போட்டேன் செட்டியாரே. பூவா வெந்துருச்சு."

அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் குடத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.