பெஞ்சின் மேல் முருங்கைக்காய்

1

இந்தக் கதை எனக்கு முன் சீட்டிலிருந்து வந்தது. சிம்மக்கல்லில் ஏறி ஒத்தக்கடை போகிற டவுன் பஸ். முன்னால் இரண்டு பெண்கள். கொண்டைகளைத்தான் பார்த்தேன், முகங்களை இல்லை.

"அந்த நர்சம்மா மேல கேஸாம்ல?"

"ஆமா. முருங்கைக்காய் வாங்குனாங்களாம்."

"ஆத்தி! முருங்கைக்காய்க்கா கேஸு?"

"கேஸு ஊசிக்குத்தான்டி. முருங்கைக்காய் சாட்சிக்கு."

"வெளங்கிரும்."

இறங்கிவிட்டார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "மீதியைச் சொல்லிவிட்டுப் போங்கம்மா" என்று கேட்கிற வயதுதான் எனக்கு, ஆனால் பஸ் கிளம்பிவிட்டது. மீதியை நான் எழுத வேண்டியதாகிவிட்டது.

எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும். ஒரு பத்திரிகை ஆசிரியர் சலித்துக்கொண்டார்: "உங்க கதையில எல்லாருக்கும் வாய் இருக்கு, ஒருத்தருக்கும் மூக்கு இல்லையேம்மா." உண்மை. மூக்கு வேண்டுபவர்கள் தாங்களே வைத்துக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: "ஞாயிற்றுக்கிழமைதோறும் கருணையே உருவான பத்மாசினி சிஸ்டர் தன் வெள்ளைச் சேலையை—"

அடித்துவிட்டேன். கருணையே உருவானவர்களுக்குப் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார முடியாது. காலை மிதித்தால்கூடச் சிரிப்பார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும், ஆனால் எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யப்படும் சேவை வராது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது."

இது கதை இல்லை. ஆனால் இது இல்லாமல் கதை நகராது, அதனால் விட்டுவைக்கிறேன். காசு வாங்காமல் தொண்டு செய்கிற டாக்டருக்கும் நர்சுக்கும் தலைக்கு மேல் இருக்கிற குடை இந்த ஒரு வரிதான். குடைக்குள் நிற்க நிபந்தனை: யாரிடமும் எதையும் வாங்கியிருக்கக் கூடாது.

மூன்றாவது தொடக்கம், வெறும் விவரம்:

ஒத்தக்கடையில் ஒரு மாவு மில்லை ஒட்டிய அறை. வாசலில் 'இலவச மருத்துவ உதவி, ஞாயிறு மட்டும்' என்று பலகை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வுபெற்ற பத்மாசினி, சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்மணி, திருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு டாக்டரும் வருவார். உக்கிரபாண்டி என்ற கொத்தனார் இடுப்புவலி என்று வந்தார். டாக்டர் ஊசி எழுதினார், பத்மாசினி போட்டார். அன்று சாயங்காலமே உக்கிரபாண்டிக்கு வலது பாதத்தைத் தூக்க வரவில்லை. இன்னும் வரவில்லை. நடந்தால் விரல்கள் தரையில் உரசுகின்றன. சாரத்தில் ஏற முடியாத கொத்தனாரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? அவருடைய மனைவி மாயக்காள் டாக்டர், நர்ஸ் இருவர் மேலும் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டாள்.

டாக்டர், "கேஸ் முடியட்டும் சிஸ்டர், அப்புறம் பாக்கலாம்" என்று நின்றுவிட்டார்.

பத்மாசினி நிற்கவில்லை. புண்ணுக்குக் கட்டுப்போடுவது, பிரஷர் பார்ப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கச் சொல்லிக்கொடுப்பது. ஊசி மட்டும் தொடுவதில்லை. "ஞாயித்துக்கிழமை கதவு தெறந்திருக்கும்" என்று மில்காரரிடம் சொல்லியிருந்தார். திறந்திருந்தது.

இதுவே தொடக்கமாக இருக்கட்டும். உங்களுக்கும் பொறுமை போய்விட்டிருக்கும்.

3

வக்கீல் ஆரிப்பின் ஆபீஸ், சிம்மக்கல்லில் ஒரு மொத்தக்கடை மாடியில். (கீழே மிளகாய் வத்தல் மூட்டை இறக்குகிறார்கள். பேச்சுக்கு நடுவே இருவரும் தும்முவார்கள். எல்லாத் தும்மலையும் நான் எழுதவில்லை.) அவரும் இந்த வழக்கைப் பத்மாசினிக்காக இலவசமாகத்தான் நடத்துகிறார்.

"சிஸ்டர், திங்கக்கிழமை சாட்சிக் கூண்டுல ஒரே ஒரு கேள்விதான். செஞ்ச வைத்தியத்துக்குப் பிரதியா யார்கிட்டயாவது எதையாவது வாங்குனீங்களா? இல்லைனு சொல்லிட்டு எறங்கிருங்க."

"வாங்குனேனே."

"அத நான் கேக்கல."

"நீங்க கேக்கலைனா வாங்கலைனு ஆயிருமா தம்பி?"

"யா அல்லா. சிஸ்டர், நீங்க எனக்குக் கட்சிக்காரரா, எதிராளியா?"

"முருங்கைக்காய், எலுமிச்சம்பழம். ஒரு தடவ கோழிமுட்டை."

"முட்டை வேறயா?"

"அடுத்து வந்த புள்ளத்தாச்சிப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்."

"சந்தோசம். வாங்குனதோட விநியோகமும் நடந்துருக்கு." ஆரிப் மேஜையில் தலையை வைத்துக்கொண்டார். "எதுக்கு வாங்குனீங்க?"

"வெறுங்கையோட வாங்குன மருந்து ஒடம்புல பிடிக்காதுனு அந்தப் பக்கத்து ஆளுகளுக்கு ஒரு நெனப்பு. எதையாச்சும் வச்சுட்டுத்தான் மாத்திரையத் தொடுவாங்க. வேணாம்னு திருப்பிக் குடுத்தா, வீட்டுக்குப் போற வழியிலேயே மாத்திரைய வீசிருவாங்க. நான் முருங்கைக்காய வாங்கல தம்பி. மாத்திரைய முழுங்க வச்சேன்."

"இத கோர்ட்டுல சொல்லிராதீங்க."

"ஏன், நல்லால்லயா?"

"நல்லாருக்கு. அதான் பயமா இருக்கு. முருங்கைக்காய் கட்டணமா, அன்பளிப்பானு நான் வாதாடலாம். தோத்தாலும் தோப்போம். இலவசம்கிற ஒரு குடைதான் நமக்கு இருக்கு, அதுல நாமளே எதுக்கு ஓட்டை போடணும்? தோத்தா உங்களுக்கு மட்டுமில்ல. இனி எந்த டாக்டர் ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் வருவாரு?"

பத்மாசினி தும்மினார். கீழேயிருந்து வத்தல் நெடி வந்தது.

"இன்னொண்ணு. அந்தக் கொத்தனார் சம்சாரம் தன் வக்கீல்கிட்ட, 'நாங்க ஒண்ணும் ஓசியில வாங்கல சார், முருங்கைக்காய் குடுத்துத்தான் வாங்குனோம்'னு ரோசமாச் சொல்லியிருக்கு. அவரு அதைப் பிடிச்சுக்கிட்டாரு. இப்ப அத நிரூபிக்கணும்ல? யாரையாச்சும் விட்டு வேணும்னே கொண்டுவந்து வப்பாங்க. தொடாதீங்க. தொட்டா, பாத்தவன் ஒருத்தன் சாட்சி சொல்ல வருவான்."

4

இந்த இடத்தில் எனக்குப் பத்மாசினி மேல் சந்தேகம் வந்துவிட்டது.

முட்டையைப் புள்ளத்தாச்சிக்குக் கொடுத்தார், சரி. முருங்கைக்காயை? சாம்பார்தானே வைத்திருப்பார்? வைத்தால் என்ன தப்பு? ஏன் அதை எழுத எனக்குக் கை வரவில்லை? நல்லவர் என்று காட்டுவதற்காக ஒருவரைப் பட்டினி போடுவது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். ஆகவே எழுதுகிறேன்: சாம்பார் வைத்தார். ருசித்துச் சாப்பிட்டார்.

அதைவிடப் பெரிய சந்தேகம்: ஊசியைச் சரியான இடத்தில்தான் போட்டாரா? நேராகவே கேட்டேன்.

"சொல்லுங்க சிஸ்டர், உங்க தப்பா?"

"எடம் சரிதான். ஆனா ஊசி எறங்கும்போது அவரு இழுத்து அசைஞ்சாரு. அசைவாருனு நான் எதிர்பாத்துருக்கணும். அன்னைக்குக் கூட்டம். அவசரப்பட்டேனானு கேட்டா... நரம்புல பட்ருக்கலாம்."

"அப்படினா உங்க தப்பு."

"பாதி இருக்கலாம். எந்தப் பாதினு தெரியல."

மனசுக்குள் என்ன நினைத்தார் என்று எழுதத்தான் ஆசை. ஒரு சங்கடம்*.

(* பத்மாசினி தனக்குத் தானே பேசிக்கொள்வது சௌராஷ்டிர மொழியில். எனக்கு அது தெரியாது. பேச்சைக் கேட்டுக் கதை எழுதுகிறவளுக்கு இது பெரிய முட்டுக்கட்டை. அவருடைய மனசு எனக்குச் சாத்திய கதவு. வெளியே வந்து தமிழில் சொன்னதை மட்டும் தருகிறேன்.)

5

மாயக்காளைப் பணத்துக்கு அலைகிறவளாக எழுதிப் பார்த்தேன். "மாயக்காளின் கண்களில் பேராசை—" அந்த வரியை முடிக்க அவள் விடவில்லை.

"எந்தக் கண்ணுல பாத்தீங்க?"

"சும்மா எழுதிப் பாத்தேன்த்தா."

"சும்மாவா! காசு வாங்காமப் போட்ட ஊசினா எம் புருசன் கால் போனாப் பரவாயில்லையா? ஓசினா கேக்கக் கூடாதா? கால் என்ன ஓசியிலயா வந்துச்சு?"

"அந்தம்மா வேணும்னு செய்யலையே."

"நான் வேணும்னு செஞ்சாங்கன்னா சொன்னேன்? அந்தம்மா தங்கமான அம்மா. அதுக்காக எம் புருசன் நொண்டுறது நின்னுருமா? தங்கமான அம்மாவக் காப்பாத்தச் சட்டம் இருக்குங்கிறீங்க. நல்லது, இருக்கட்டும். எங்களக் காப்பாத்த எது இருக்கு?"

ஆரிப்பிடம் ஓடினேன்.

"நுகர்வோர் மன்றத்துல இருந்து தள்ளிட்டாங்கனா அவங்க சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்மா. வழி அடைபடல. ஆனா கோர்ட்டு பீஸு, வாய்தா, வருசக்கணக்கு. போகமாட்டாங்க."

"அப்ப குடை நம்ம பக்கம், மழை அவங்க பக்கமா?"

"நீங்க கதை எழுதுறீங்களா, குறுக்கு விசாரணை பண்றீங்களா?"

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தி, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு ஒரு காப்பி போட்டுக்கொள்ள—

இல்லை. முடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்தேன். பத்மாசினி இரண்டு பஸ் மாறி வருகிறார். எனக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுத என்ன கேடு?

6

முடிவுகள். கையில் மூன்று இருந்தன.

ஒன்று: "முருங்கைக்காய் கட்டணம் ஆகாது" என்று மன்றம் சொல்கிறது. டாக்டர் திரும்பி வருகிறார். மாலை மரியாதை. "அப்ப எங் காலு?" என்று உக்கிரபாண்டி கேட்கிறார். கதை முழுவதிலும் அவர் பேசுகிற முதல் வார்த்தை அது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இரண்டு: ஆகும் என்கிறது. நஷ்டஈடு கிடைக்கிறது. மாவு மில் அறையில் தவிட்டு மூட்டை அடுக்குகிறார்கள். அடுத்த ஞாயிறு புண்ணோடு வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

மூன்று: ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசுகிறார்கள். எல்லோரும் அழுகிறார்கள். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றையும் பத்மாசினியிடம் வாசித்துக் காட்டினேன்.

"மூணுலயும் நான் எதுவுமே செய்யலையேம்மா. கோர்ட்டு செய்யுது, ஊரு செய்யுது. திங்கக்கிழமை கூண்டுல நிக்கப்போறது நான்தானே?"

"சரி, என்ன செய்வீங்க?"

"அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை இருக்கு."

7

ஞாயிறு காலை. பலகையை எடுத்து வெளியே மாட்டினார். மில் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் பெஞ்சில் காத்திருந்த நாலைந்து பேரில் ஒருவர் புது முகம். ஆரிப் சொன்ன சாட்சியாக இருக்கலாம், பல்வலிக்காரராகவும் இருக்கலாம். தாடையில் கை வைத்திருந்தார். இரண்டு பேருமே தாடையில் கை வைப்பார்கள்.

அப்போது மாயக்காள் வந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உக்கிரபாண்டி. வலது காலில் துணி சுற்றியிருந்தது.

பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"என்னத்தா?" என்றார் பத்மாசினி.

"வெரலு தரையில ஒரசி ஒரசிப் புண்ணாப் போச்சு நர்சம்மா. நாத்தம் வருது."

"வாய்தா நாளைக்குல்ல?"

"கேஸு நாளைக்கு. புண்ணு இன்னைக்கு."

பத்மாசினி ஸ்டூலை இழுத்துப் போட்டார். காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். துணியைத் தண்ணீர் விட்டு நனைத்துப் பிரித்தார்.

"வலிக்குதாண்ணே?"

"வலிக்கல."

"வலிக்கணும். பொய் சொல்றீங்களா?"

"நெசமாவே மரத்துக் கெடக்குதும்மா. அதேன் ஒரசுறது தெரியல."

பத்மாசினி குனிந்து விரலிடுக்கைப் பார்த்தார். கழுவினார், மருந்து வைத்தார், கட்டினார். கட்டின பிறகும் காலை உடனே இறக்கவில்லை.

"செருப்ப மாத்தணும். குதிகால்ல வார் வச்சு, முன்னாடி மூடுன மாதிரி. பாதத்தத் தூக்கிப் பிடிக்கிற பட்டை ஒண்ணு பெரியாஸ்பத்திரியில செஞ்சு தருவாங்க. செவ்வாக்கிழமை நான் கூட வாரேன்."

"நாளைக்குக் கோர்ட்டுல என்ன ஆனாலுமா?" என்றாள் மாயக்காள்.

"என்ன ஆனாலும்."

புண்ணுக்கான மாத்திரையைப் பொட்டலம் கட்டி நீட்டினார். மாயக்காள் அதை வாங்கவில்லை. முந்தானைக்குள் கொண்டுவந்ததை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தாள். மூன்று முருங்கைக்காய்.

தாடையில் கை வைத்திருந்தவர் கையை எடுத்தார்.

"எடுத்துக்கங்க நர்சம்மா."

"உன் வக்கீலு குடுக்கச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"அதான் கொண்டாந்தியா?"

"அவரு சொல்லாட்டியும் கொண்டாந்துருப்பேன். வெறுங்கையோட என்னைக்கு வந்துருக்கேன்?"

"நான் எடுத்தா நாளைக்கு என்ன சொல்லுவ?"

"எடுத்தீங்கன்னு சொல்லுவேன். பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

"எடுக்கலைனா?"

மாயக்காள் பொட்டலத்தைப் பார்த்தாள். "எடுக்கலைனா இத நான் எப்படி இவருக்குக் குடுக்குறது?"

பத்மாசினி எழுந்தார். தன் மொழியில் ஏதோ சொன்னார், தனக்குத்தான். சின்ன வாக்கியம். கோபமா, வேண்டுதலா, வெறும் கணக்கா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் தயங்குகிறவரின் குரல் இல்லை அது. முடிவெடுத்துவிட்ட குரல். அது மட்டும் எந்த மொழியானாலும் கேட்கும்.

அப்புறம் கையை நீட்டினார்.

எதற்கு? எடுப்பதற்கா, நகர்த்தி வைப்பதற்கா? எழுதித் தொலைக்கலாம்தான். எடுத்தார் என்றால் நீங்கள் கைதட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு பூட்டிக்கிடக்கிற கதவை மறந்துவிடுவீர்கள். எடுக்கவில்லை என்றால் "சட்டம் அப்படி" என்று தலையாட்டிவிட்டு, உக்கிரபாண்டியின் விரலை மறந்துவிடுவீர்கள். இரண்டில் எதற்கும் நான் உடந்தையாக முடியாது.

ஆகவே அந்தக் கையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். இடம் தருகிறேன், ஸ்டூலில் வந்து உட்காருங்கள். ஒரு பக்கம் மாத்திரைப் பொட்டலம், ஒரு பக்கம் முருங்கைக்காய், நடுவில் அவருடைய கை. நாளைக் காலையில் கூண்டில் அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறார்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். அந்தப் பெஞ்சில் வெயில் ஏறுகிறது. காய் வாடிவிடும்.