ஒரு செட் மாத்திரை

நத்தம் கடைவீதியில் புளிக்கும் மாங்காய்க்கும் மட்டும்தான் பேரம் நடக்கும் என்று நினைப்பவர், சோலைமலையின் மருந்துக்கடைப் பக்கம் வந்ததில்லை. டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதினால் ஜனங்கள் ஒரு நாளைக்குக் கேட்பார்கள். அவர் ஒன்றரையில் முடித்துக் கொடுப்பார். சீட்டே இல்லாதவனுக்கு இன்னும் சுளுவு. "ஒரு செட் குடுங்க" என்றால் போதும். காய்ச்சலோ கால்புண்ணோ, நாலு நிறத்தில் அதே நாலு மாத்திரைதான். பெயர் தெரியாதபடி அட்டையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டு நீட்டுவார்.

ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி தின்னாதீர்கள் என்று சொல்லும் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு, வியாபாரிகள் சங்கம் அவரைத்தான் தலைமை தாங்க வைத்தது. பந்தல் அவர் உபயம்.

சுகாதாரத்துறை டாக்டர் சுகன்யா பேசினார். அரைகுறையாகத் தின்று நிறுத்தினால் கிருமி சாகாது, அடிவாங்கிப் பழகிவிடும். அப்புறம் அந்த மருந்தே அதற்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் என்றார். கூட்டம் வடைக்காகப் பொறுத்துக்கொண்டது. அடுத்து மைக்கைப் பிடித்த சோலைமலை, தன் கடையிலிருந்து சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூட வெளியே போனதில்லை என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்துவிட்டு, நாளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

ராக்கம்மாள் எழுந்தாள். அவள் புருஷன் வீரன் புளி உலுக்கப் போன இடத்தில் காலில் முள் ஏறியவன். வலித்தால் இந்தக் கடையில் ஒரு செட். வலி நின்றதும் மாத்திரையும் நின்றுவிடும். இப்போது முழங்கால்வரை வீங்கி, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும்வரை காத்திருந்தால் கால் தங்காது. எந்த மருந்தை ஏற்றுவதென்று பார்க்க, இதுவரை என்ன தின்றான் என்று கேட்கிறார்கள். காலையிலேயே கடைக்குப் போனவளை, நீ யாரென்றே தெரியாது என்று சோலைமலை விரட்டியிருந்தார்.

"அண்ணே, ஓங் கடையப் பூட்டணும்னு நான் வரல. அந்த மாத்திரை பேரச் சொல்லு. எம் புருசன் காலு போயிரும்."

போட்டிக் கடைக்காரன் ஏவிவிட்ட ஆள் என்றார் சோலைமலை. கூட்டத்துக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. அரிசிக்கடை பொன்ராஜ் எழுந்தே விட்டார்.

"அவரு கடைய மூடிட்டா, ஒரு தலைவலிக்கு நாங்க திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறணுமா? உக்காரு ஆத்தா."

இந்தக் கடை மாத்திரை யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று சுகன்யா கேட்டுப் பார்த்தார். எல்லார் வீட்டிலும் இருந்தது. எல்லாரும் பந்தலின் மேல்துணியை ஆராய்ந்தார்கள்.

ராக்கம்மாள் நேரே பக்கத்து வீட்டு சிவனம்மாளிடம் போனாள். போன வாரம் இருவரும் சேர்ந்து போய் ஆளுக்கு இரண்டு செட் வாங்கியிருந்தார்கள்; வீரனுடையது தீர்ந்துவிட்டது. சிவனம்மாள் ஒரு வேளை தின்றுவிட்டு மீதியை இடுப்புச் சுருக்குப்பையில் பத்திரப்படுத்தியிருந்தாள். கேட்டதற்கு இல்லை என்றாள். ராக்கம்மாள் பையைப் பிடித்து இழுத்தாள். கொண்டை அவிழ்ந்தது, உதடு கிழிந்தது, விலக்கப் போனவருக்கும் ஒன்று விழுந்தது. பை கிழிந்து வெற்றிலைக் காம்போடு அட்டைத் துண்டுகள் சிதறின.

அவற்றில் பெயர் பாதி பாதிதான் இருந்தது. சுகன்யாவுக்கு அது போதும்; நாலில் இரண்டு ஆன்டிபயாடிக். ராக்கம்மாளின் போனிலிருந்தே வார்டு டாக்டரை அழைத்து, இரண்டின் பெயரையும் சொன்னார்.

"இந்த ரெண்டும் விட்டு விட்டுப் போயிருக்கு சார். இதை நம்பாதீங்க, வேற ஆரம்பிங்க."

மறுமுனையில் சரி என்ற சத்தம் கேட்கும்வரை ராக்கம்மாள் உதட்டு ரத்தத்தைத் துடைக்கவில்லை. கேட்டதும் பஸ்ஸுக்கு ஓடினாள்.

சிவனம்மாள் அவிழ்ந்த தலையோடு மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவ புருசன் காலுக்கு எம் மாத்திரையா? எனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாக்குறது?"

வாடிக்கை கை நழுவுகிறது என்று தெரிந்தால் வியாபாரிக்கு வேறெதுவும் ஞாபகம் இருக்காது. சோலைமலையின் கையில் மைக் இன்னும் இருந்தது.

"சத்தம் போடாத ஆத்தா. கூட்டம் முடியட்டும், கடைக்கு வா. வேற செட் போட்டுத் தாரேன்."

ஒலிபெருக்கியை பஸ் நிலையம்வரை கட்டியிருந்தார்கள்.