வசந்த மண்டபத்து இருளில் மூன்று கமராக்கள்

சுன்னாகம் புகையிரத நிலையத்துக்கு அருகே படப்பிடிப்பு நிலையம் நடத்திவந்த கஜீபனுக்கு, அவ்வாண்டுக் கந்தசட்டி நெருங்கியபோது ஒரே ஒரு வேண்டுதல் இருந்தது. அது முத்தியன்று; ஒரு புதிய கமரா.

பழையது பகலில் குறை சொல்ல முடியாதது. கலியாண மண்டபத்து வெளிச்சத்தில் கூறைச் சேலையின் சரிகையை இழை இழையாக எடுத்துத் தரும். கோயிலுக்குள் நுழைந்ததும் அதற்குக் கண் மங்கிவிடும். வயல்கரை முருகன் கோயிலில் கந்தசட்டி மாலைகளில் வசந்த மண்டபப் பூசை நடக்கும். பஞ்சாராத்தி எடுக்கும் வேளையில் மின்விளக்குகள் யாவும் அணைக்கப்படும். ஐந்து சுடர்களின் ஒளியில் மட்டுமே ஆறுமுகன் தோன்ற வேண்டுமென்பது அக்கோயில் மரபு. பிளாஷ் அடிப்பது அபசாரம். கஜீபன் ஆண்டுதோறும் அந்தக் கணத்தைப் பிடிக்க முயல்வான். ஆண்டுதோறும் முருகன்மேல் மணலை அள்ளித் தூவியது போன்ற படங்களுடன் வீடு திரும்புவான்.

அவன் எடுக்கும் படங்களைக் கொம்பியூட்டரில் திருத்துபவள் மனைவி தயாளினி. புதிய கமரா என்ற பேச்சே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மணல் கிடந்தால் என்ன? நான் கழுவித் தாறன்தானே."

"மணலைக் கழுவேக்கை முருகனும் சேந்து கழுவுப்படுறார். போன வருசம் வேலின்ரை நுனியைக் காணேல்லை."

"சரி. புதுசிலை எடுத்துக் காட்டுங்கோ. கமராவைப் பற்றி ஒண்டும் தெரியாத ஒராளுக்கு, நாங்கள் சொல்லாமல் வித்தியாசம் தெரிஞ்சால் வாங்குங்கோ. தெரியாட்டி உந்தக் கதையை விடுங்கோ."

எந்தப் புதிய கமராவை எடுப்பது என்பது அடுத்த சிக்கல். குடாநாட்டுப் படப்பிடிப்பாளர், இரு கமராக் கம்பனிகளின்படி இரு சமயத்தார். கழுத்து வாரில் சிவப்பு எழுத்துடையோர் ஒரு சாரார். மஞ்சள் எழுத்துடையோர் மறு சாரார். ஒரு சமயத்தின் லென்ஸ் மறு சமயத்தின் உடலிற் பொருந்தாது. ஆகவே பிறந்த சமயத்திலேயே இருந்து மூப்பெய்துவது அவர்தம் ஒழுக்கம். கஜீபன் சிவப்பு. தெருவின் எதிர்ப்புறத்தில் கடை வைத்திருந்த பள்ளித் தோழன் சிமியோன் மஞ்சள்.

"இந்தப் பக்கம் வந்திடு, மச்சான். இருட்டெண்டு வந்தால் எங்கடைதான்," என்றான் சிமியோன்.

"உங்கடை ஆக்கள் முந்திப் பள்ளிக்கூடம் கட்டிச் சமயம் மாத்தினவை. நீ கமராவைக் காட்டி மாத்தப் பாக்கிறாய்."

"நான் ஞானஸ்நானம் கேக்கேல்லை. ஒரு பின்னேரம் கொண்டுபோய்ப் பார் எண்டுதான் சொல்லுறன்."

"உன்ரை படத்திலை ஆக்களின்ரை முகமெல்லாம் மஞ்சள் பூசினமாதிரிக் கிடக்கும்."

"பூசிக் குளிக்கிற சனத்துக்கு அது குறையோ?"

இவ்வாறு சிமியோனின் புதிய மஞ்சள் கமரா, லென்ஸுடன் இரவலாக வந்தது. யாழ்ப்பாணத்து விற்பனையாளர் ஒருவர் புதிய சிவப்புக் கமராவைப் பரீட்சித்துப் பார்க்கக் கொடுத்தார்.

கோயிலின் பரிபாலன சபைத் தலைவர் முருகேசு. தயாளினிக்கு மாமா முறையானவர். கந்தசட்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீருமன்றி வேறெதுவும் தீண்டாதவர் என்று ஊர் அவரைக் கொண்டாடியது. ஊர் மறந்துவிடாதபடி அவரும் பார்த்துக்கொண்டார். விரதத்தின் மூன்றாம் நாள் அவர் படப்பிடிப்பு நிலையத்தைக் கடந்து போகையில், தயாளினி வெறுந்தேநீர் குடிப்பதைக் கண்டு உள்ளே வந்தார். வாடிக்கையாளர் இருவர் அமர்ந்திருந்தனர்.

"பிள்ளை, விரதமெண்டால் விரதம். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு முருகனைக் கும்பிடேலாது. என்னைப் பார், ஒரு மிளகோடை நிக்கிறன்."

தயாளினி கோப்பையைக் கீழே வைத்தாள். முகம் சிவந்தது.

மறுநாள் மாலை கஜீபன் வேட்டியும் வெறும் மேலுமாக, மும்மலத்தையும் சுமக்கும் உயிர்போல மூன்று கமராக்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வசந்த மண்டபத்தின் முன் நின்றான். விளக்குகள் அணைந்தன. மணி ஒலித்தது. ஐந்து சுடர் எழுந்தது. அடியார் கண்களெல்லாம் சுடரின்பாற் சென்று திரும்பாதிருந்த அச்சிறு பொழுதில், நின்ற இடம் மாறாமல் பழையதில் ஒன்று, புதிய சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என எடுத்து முடித்தான்.

ஐந்தாம் நாட் காலை, கோயிற் கலண்டருக்குப் படம் தெரிவுசெய்ய முருகேசு வந்தார். நெற்றி நிறைந்த நீறு. விரதத்தால் மெலிந்த குரல். கமராவைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அதன் எந்தப் பக்கத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமென்பதே. தயாளினிக்கு வேண்டியிருந்த நடுவர் அவரேதான். எது எந்தக் கமராவில் எடுத்தது என்று சொல்லாமல், பெரிதாக அச்சிட்ட மூன்று படங்களையும் அவர் முன் வரிசையாக வைத்தாள்.

"மாமா, வித்தியாசம் ஏதும் தெரியுதோ? எது திறம்?"

முதலாவதில் சுடரும் முருகன் திருமுகமும் மட்டும் தெரிந்தன. எஞ்சியது மணல் படிந்த இருள். இரண்டாவதில் மயிற்பீலியும் மாலையும் துலங்கின. முருகேசு அதை உற்று நோக்கிக் கண்ணாடியைத் துடைத்தார். மூன்றாவதைக் கண்டதும் அதை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"முதலாவதுதான் படம்," என்றார். குரலில் மெலிவு போய்விட்டிருந்தது. "இறைவன் இருளிலை சோதியா நிக்கவேணும்."

"ரெண்டாவது?"

"அது பறவாயில்லை."

"மூண்டாவது?"

"அது கோயிலுக்கு ஆகாது. சாத்திரத்துக்கு ஒவ்வாது."

கஜீபனின் முகம் சுருங்கியது. பழையதே சிறந்ததென்று நடுவர் தீர்த்துவிட்டார். புதிய கமரா கைநழுவிப் போயிற்று. தயாளினியோ, கவிழ்ந்து கிடந்த படத்தை நிமிர்த்தினாள். நாள்தோறும் பிறர் முகத்துப் பருக்களைத் தேடித் துடைக்கும் கண்கள் அவளுடையவை. வலப்புறத் தூணின் நிழலில் அவை நின்றன.

"இதிலை ஒரு அடியார் மட்டும் சாமியைப் பாக்காமல் நிக்கிறார், மாமா. கையிலை என்னவோ வாய்க்குக் கிட்ட வைச்சிருக்கிறார்."

"மிளகு," என்றார் முருகேசு.

"நடுவிலை ஓட்டை போட்ட மிளகு," என்றாள் தயாளினி.

கஜீபன் குனிந்து பார்த்தான். தூணடியில், நைவேத்தியத் தட்டின் அருகே, சபைத் தலைவர் உளுந்து வடையொன்றைக் கடிக்கும் நிலையில் இருந்தார். ஊர்க்கண் முழுதும் தம்மை விட்டு அகலும் கணம் அது ஒன்றே என அவர் கண்டறிந்திருந்தார்போலும். இரண்டாவது படத்தில் அதே உருவம் நிழலாக நின்றது. கைகுவித்துத் தொழுவதாகவும் கொள்ளலாம். முதலாவதில் ஒன்றுமில்லை. கஜீபன் நிமிர்ந்து, சிரிப்பு அடங்கும்வரை கூரையை ஆராய்ந்தான்.

"இஞ்சருங்கோ, கமராவை வாங்குங்கோ," என்றாள் தயாளினி. "வித்தியாசம் தெரியுதோ எண்டுதானே கேட்டனான். மாமாவை விட வடிவா ஒருத்தரும் கண்டிருக்கேலாது."

"எதை வாங்கிறது? ரெண்டாவது எங்கடை சிவப்பு. கிடக்கிற லென்ஸெல்லாம் பொருந்தும். மூண்டாவது சிமியோனின்ரை மஞ்சள். இருட்டுக்கை அதுதான் திறம். மாறத்தான் வேணும் போலை."

"தம்பி," என்றார் முருகேசு, அவன் தோளைப் பற்றி. "பிறந்த சமயத்தை விட்டு மாறாதை. லென்ஸ் பொருந்தாட்டி பிறகென்ன கமரா? சிவப்பையே வாங்கு. அது அடக்கமான கமரா."

"அப்ப கலண்டருக்கு?" என்றாள் தயாளினி.

"ரெண்டாவதையே போடு, பிள்ளை. வலப்பக்கத்தாலை கொஞ்சம் வெட்டி."

"வெட்டலாம். விரதத்திலை தேத்தண்ணி குடிக்கலாமோ, மாமா?"

முருகேசு சற்றே சிந்தித்தார். "தேத்தண்ணி இலைச்சாறுதானே, பிள்ளை. தாராளமாக் குடி."

கஜீபன் மஞ்சள் கமராவைத் திருப்பிக் கொடுக்கத் தெருவைக் கடந்தான்.

"ஞானஸ்நானம் எப்ப, மச்சான்?"

"கோயில் தலைவர் விடுறாரில்லை," என்றான் கஜீபன்.

மறுநாள், ஆறாம் நாளும் விளக்குகள் அணைந்தன. முருகேசு சுடரொளி முழுதும் தம்மேல் விழும்படி முருகனின் நேர்முன்னே, இரு கைகளையும் சிரசின்மேற் குவித்து நின்றார். விற்பனையாளரிடமிருந்து இரவலாக வந்து இப்போது தனக்கே உரியதாகிவிட்ட சிவப்புக் கமராவை, கஜீபன் ஒருமுறை தூணடிக்குத் திருப்பினான். அங்கே ஒருவரும் இல்லை. தட்டில் வடைகள் குறையாமல் இருந்தன.