பச்சைப் பொட்டு வைத்த புட்டி

வீட்டில் யாருக்கு எங்கே வலித்தாலும் அந்த வீட்டுக்காரிக்கு மருந்துக் கடை ஞாபகம் வராது. சாப்பாட்டு மேசையில் இருக்கும் மரப்பெட்டிதான் ஞாபகம் வரும். பெட்டிக்குள் பன்னிரண்டு சின்னப் புட்டிகள். தூக்கம் வரவில்லையா, தலையணையில் லாவெண்டர் இரண்டு சொட்டு. தலைவலியா, நெற்றியோரம் புதினா எண்ணெய். மூக்கடைப்பா, நெஞ்சில் யூகலிப்டஸ். பல்வலியா, பஞ்சில் கிராம்பு எண்ணெய். நூலகத்தில் வேலை பார்க்கிறவள், எதையும் வகைப்படுத்தி அடுக்காவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும்.

எல்லாப் புட்டியும் ஒரே பழுப்புக் கண்ணாடி, ஒரே கறுப்பு மூடி. எண்ணெய் வழிந்து வழிந்து லேபிள்களில் எழுத்து அழிந்துபோகவே, அவற்றை உரித்துப் போட்டுவிட்டு மூடிக்கு ஒரு வண்ணப் பொட்டு ஒட்டினாள். எந்த நிறம் எதற்கு என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டினாள். பச்சை, சளிக்கு. சிவப்பு, பல்லுக்கு. பழுப்பு, மூட்டுவலிக்கு. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும் என்று பெருமை வேறு.

சின்னக் குழந்தை கண்டுபிடித்துவிடும்தான். அவள் புருஷனால்தான் முடியாது. நீலம், மஞ்சள் எல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பச்சை, சிவப்பு, பழுப்பு மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. யார் யார் என்று பிரித்துச் சொல்ல வராது. பிறவியிலேயே அப்படி. இந்த விஷயம் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் பெண்டாட்டிக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ள அவன் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று இருக்கும். பழத்தை அமுக்கிப் பார்த்து வாங்குவான். சட்டை என்றால் வெள்ளை அல்லது நீலம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வண்ண சாக்பீஸைக் கையால் தொடமாட்டான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பேரே 'வெள்ளை சாக்பீஸ்'.

ஏன் மறைத்தான் என்றால், மாமனார். அவர் ரயில் ஓட்டியவர், ஓய்வு பெற்று இப்போது இவர்களோடுதான் இருக்கிறார். சம்பந்தம் பேச வந்த அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "கண்ணு நல்லா இருக்குல்ல?" என்பது. இவனும் "நல்லா இருக்கு மாமா" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். உட்கார்ந்த இடத்திலேயே அவர் ஒரு கதை சொன்னார். கூட வேலை பார்த்த ஒருத்தன் நிறம் தெரியாமல், கண் பரிசோதனை அட்டைகளை மனப்பாடம் செய்து பத்து வருஷம் ஏமாற்றிவிட்டானாம். "அவனைவிடத் திருடன் தேவலை" என்று முடித்தார். அந்தக் கதையை வருஷத்துக்கு நாலு முறையாவது சொல்வார். ஒவ்வொரு முறையும் இவன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான்.

பொட்டு ஒட்டிய நாளிலிருந்து அவன் புட்டிகளை இடத்தை வைத்துத்தான் எடுத்துவந்தான். மேல் வரிசையில் இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது என்றால் சளிக்கு. அவ்வளவுதான். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் இரண்டு நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள், சாயங்காலம் வந்துவிடுவாள். இவனுக்கு முந்தின நாளிலிருந்து சளி. மூக்கு இரண்டும் கல்லாக அடைத்துக்கொண்டு, எதை வாயில் போட்டாலும் ஒரே ருசி. மத்தியானம் மாமனாரும் லொக்கு லொக்கென்று இருமத் தொடங்கினார். அவளுக்குப் போன் போட்டான்.

"பச்சைப் பொட்டு வெச்சது. ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயில நாலு சொட்டு. கலந்து நெஞ்சுல தடவி விடுங்க" என்றாள். "கிளம்பறதுக்கு முன்னாடி பெட்டியெல்லாம் துடைச்சு வெச்சேன். எடுத்த இடத்துலயே திரும்ப வெச்சுடுங்க."

பெட்டியைத் திறந்தான். அவள் துடைத்ததோடு நிற்கவில்லை, புதிதாக அடுக்கியும் இருந்தாள். மேல் வரிசை மூன்றாவதில் ஒரு நீலப் பொட்டு உட்கார்ந்து அவனைப் பார்த்தது. நீலம், மஞ்சள், வெள்ளை என்று தெரிந்ததையெல்லாம் ஒதுக்கினான். கடைசியில் மூன்று புட்டிகள் மிஞ்சின. மூன்றும் ஒரே சேற்று நிறம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தான், விளக்கடியில் பார்த்தான், கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ஒரு எழவும் புரியவில்லை. மறுபடி போன் போட்டு என்னவென்று கேட்பது? பச்சை எது என்றா?

மோந்து பார்க்கலாமென்றால் அவன் மூக்கில் காற்றுகூட நுழையாது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மூன்றையும் எடுத்துக்கொண்டு மாமனார் அறைக்குப் போனான்.

"மாமா, எனக்கு மூக்கு வேலை செய்யலை. இதுல யூகலிப்டஸ் எதுன்னு நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க."

"பொட்டு ஒட்டியிருக்காளே?"

"இல்ல மாமா, இடம் மாத்தி வெச்சிருக்கா. பொட்டையும் மாத்தியிருப்பாளோன்னு ஒரு சந்தேகம்."

அவர் மூன்று புட்டிகளையும் வாங்கி, ஒவ்வொன்றாக மூக்கடியில் வைத்து, கண்ணை மூடி, சங்கீதம் கேட்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார். இரண்டாவதை நீட்டினார். "இதேதான். கும்முனு இருக்கு."

இவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலு சொட்டு விட்டான்.

"என்ன மாப்பிள்ளை, கோழிக்குத் தண்ணி காட்டற மாதிரி? இன்னும் விடுங்க. ஒரு வாசனையும் ஏறலை."

இன்னும் பத்து விட்டான். அவர் திருப்திப்படவில்லை. மேலும் பத்து விட்டு, குழைத்து, நெஞ்சு முழுக்கப் பாசமாகத் தடவினான். அவருக்குக் குளிர்காற்று ஆகாதென்று வீட்டு ஜன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தினான்.

கால் மணி நேரத்தில் அறையிலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை, எரியுது."

"மருந்து வேலை செய்யுது மாமா."

"வேலை செய்யலை, வேக வெக்குது. வந்து பாருங்க."

சட்டையைத் திறந்து காட்டினார். இவன் குனிந்து, இப்படியும் அப்படியும் பார்த்தான். நெஞ்சு நெஞ்சாகத்தான் இருந்தது. "ஒண்ணும் இல்லையே மாமா. தடிப்புகூட இல்லை."

அவர் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றார். பிறகு திரும்பி இவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழுத்துலேருந்து வயிறு வரைக்கும் செக்கச்செவேல்னு இருக்கு. நீங்க ஒண்ணும் இல்லைங்கறீங்க." புட்டியை எடுத்துப் பார்த்தார். "இது என்ன பொட்டு?"

இவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாப்பிள்ளை, என்ன பொட்டு?"

"பச்சை" என்றான். பிறகு, "சிவப்பு" என்றான். பிறகு திருதிருவென விழித்தான்.

"சிவப்புதான். நாப்பது வருஷம் கண்ணு டெஸ்ட்டுக்கு வரிசையில நின்னவன் நான். இந்த முழி எனக்குத் தெரியாதா?" அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "கண்ணு நல்லா இருக்கான்னு அன்னைக்குக் கேட்டேன்ல?"

"தூரத்துல இருக்கறதெல்லாம் நல்லாத் தெரியும் மாமா."

பதினோரு வருஷமாகக் கட்டிக் காத்தது ஒரே நிமிஷத்தில் கவிழ்ந்துவிட்டது. அவமானம் ஒரு பக்கம் இருக்க, அவனுக்கு இன்னொன்று குடைந்தது. கணக்கு வாத்தியார் புத்தி. சிவப்பு என்றால் கிராம்பு. கிராம்புக்கும் யூகலிப்டஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு மூக்கு இருக்குமா?

"மாமா, நீங்க மோந்து பாத்துத்தானே குடுத்தீங்க?"

இப்போது அவர் முழித்தார். சாட்சாத் அதே முழி.

"ரெண்டு வருஷமாச்சு" என்றார் கடைசியில். "ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுக்கு அப்புறம் எந்த வாசனையும் தெரியலை. பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். பொட்டும் மாறியிருக்கும்னீங்க, குத்துமதிப்பா ஒண்ணை நீட்டிட்டேன்."

"தினம் அவ கலந்து குடுக்கற எண்ணெயை மோந்து பாத்து, பிரமாதம்ங்கறீங்களே?"

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அடுப்புப் பக்கம் போகாதீங்கம்பா. தனியா இருக்காதீங்கம்பா. கடைசியில வேலையை விட்டுட்டு எனக்குக் காவலா உக்காந்துடுவா. உங்களுக்கு அது வேணுமா?"

யார் யாரைத் திட்டுவது என்று இருவருக்குமே புரியவில்லை. சோப்புப் போட்டு நெஞ்சைக் கழுவி, வெறும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டான். எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. அவருக்குக் குடிக்கக் கொடுக்கலாமென்று பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். பிறகு பேரம் நடந்தது. நான் உங்க கண்ணைப் பத்தி வாயைத் திறக்கலை, நீங்க என் மூக்கைப் பத்தித் திறக்க வேண்டாம். நெஞ்சு சிவந்ததுக்கு என்ன சொல்றது? போர்வை உரசிடுச்சுன்னு சொல்லலாம். போர்வை அவ்வளவா உரசும்? அப்போ வேர்க்குரு. இந்தக் குளிர்லயா? திருடன் தேவலை என்று கதை சொன்ன மனிதர் பொய்க்கு மேல் பொய்யாக எடுத்துக் கொடுக்க, இவன் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு அவர் மேல் முதல் முறையாகப் பிரியம்கூட வந்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது இருவருக்கும் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. இவனுக்குத் தலை லேசாகச் சுற்றியது. சளிதான் என்று நினைத்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, விளக்கைப் போடலாமென்று எழுந்தான்.

அந்த நேரம் வாசல் கதவு திறந்தது.

"ஸ்விட்ச்சைத் தொடாதீங்க!"

அவள் கத்திய கத்தலில் அவன் கை அப்படியே நின்றது. அவள் பையை வாசலிலேயே போட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்பைத் திருகினாள், சிலிண்டரை மூடினாள், ஜன்னல் ஜன்னலாகத் திறந்தாள். அப்பாவைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். புருஷன் பின்னாலேயே போனான். தெருவிளக்கின் கீழே மூவரும் நின்றார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வீடு முழுக்க கேஸு. ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கீங்க. ஒருத்தருக்குமா தெரியலை?"

"எனக்கு சளி" என்றான் அவன். அது பொய்யில்லை, தப்பித்துக்கொள்ளப் போதுமான உண்மை.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

மாமனார் அவனைப் பார்த்தார். பேரம் பேரம்தான் என்று சொல்கிற பார்வை. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவர் இருமிச் சமாளித்துவிடுவார். நாளைக்கு இவனும் அவளும் வேலைக்குப் போனபின் அவர் தனியாக அடுப்பைப் பற்றவைப்பார்.

"மாமாவுக்கு வாசனை தெரியாது. ரெண்டு வருஷமா" என்றான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு தூரம் வந்தபின் தன்னுடையதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ள அவனுக்கு அசிங்கமாக இருந்தது. "எனக்கு நிறம் தெரியாது. பச்சையும் சிவப்பும். பிறந்ததுலேருந்து. கிராம்பு எண்ணெயை எடுத்து மாமாவுக்குத் தடவிட்டேன்."

அவள் அப்பாவின் சட்டையை விலக்கிப் பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள். இவனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி இவனைப் பார்த்தாள். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போன வாரம் புதுசா ஒண்ணு கலந்து குடுத்தேனேப்பா. மழை பெஞ்ச மண்ணு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே."

"நீ அதை நீட்டிக்கிட்டு நின்னியேம்மா" என்றார் அவர். "உன் முகத்தைப் பாத்துச் சொன்னேன்."

அவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. அவன் பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்தான். கோபம் வந்தால் அவளுக்கு முகம் சிவந்துவிடும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அவன் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாக அனுமானத்திலேயே சண்டை போட்டு, அனுமானத்திலேயே சமாதானமாகி வந்திருக்கிறான்.

"கோபமா?" என்று கேட்டான்.

அவள் நிமிர்ந்தாள். இந்தக் கேள்வியை அவன் அதுவரை கேட்டதேயில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"தெரியலை" என்றாள். "நாளைக்கும் கேளுங்க."