தருமன் வாங்கித் தந்த மானிட்டர்

கம்ப்யூட்டர் கடையின் ஷட்டர் இடுப்பளவுக்கு ஏறி நின்றுவிட்டது. உள்ளே யாரோ பெருக்கும் தூசி அதன் அடியில் வெளியே வந்து, காத்திருந்த மூன்று பேரின் கால்களில் படிந்தது. மாறன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. கன்னத்தில் தையல் போட்ட இடத்தில் வியர்வை இறங்கி எரிந்தது. துடைக்காமல் நின்றான்.

தருமன் புல்லட்டின் மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தான். போன வாரம் மாறனை அடித்தவன் அவன்தான். இன்று மானிட்டர் வாங்கிக் கொடுக்க வந்திருந்தான்.

"இன்னாடா, இன்னும் வலிக்குதா?"

"இல்லண்ணே."

"அப்ப கண்ணாடிய கழட்டு. ஷூட்டிங் வந்தவன் கணக்கா நிக்கற."

"வுடு தருமா, வெயிலு கூசுது அவனுக்கு" என்றார் சக்கரவர்த்தி. மாறன் வேலை செய்யும் பேனர் கடை அவருடையது. சொல்லிவிட்டு மாறனின் முகத்தைப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தார். காலையில் ஆட்டோவில் வரும்போதும் இப்படித்தான் பார்த்தார். "கண்ணுல ஒன்னும் இல்லியே? இருந்தா இப்பவே சொல்லிடு மாறா. இது கலர் பாக்கற வேல. நான் இன்னொரு வாட்டி ஸ்டேஷனுக்கு நடக்க முடியாது. கீழ்பென்னாத்தூர்ல கோபின்னு ஒருத்தன் டிசைன் பண்றான். கூப்புட்டா வந்துடுவான்."

ஒன்றும் இல்லை என்று மாறன் சொன்னான். இடது கண்ணை மூடிக்கொண்டால் அவனுக்கு ரோடு இல்லை, ஆட்டோ இல்லை. ஈரச் சாக்கை முகத்தில் போட்டதுபோல ஒரு பழுப்பு மட்டும் இருந்தது. விழித்திரை பிரிந்திருக்கிறது, உடனே சென்னைக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னது அவன் மனைவி சிந்துஜாவுக்கு மட்டும் தெரியும். வேலை இருந்தால்தான் முதலாளியிடம் முன்பணம் கேட்க முடியும். கேட்டால்தான் சென்னை. அதனால் முதலில் வேலை.

எல்லாம் சரவணகுமாரின் பிறந்தநாள் பேனரில் தொடங்கியது. கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம் வாங்கி விற்கிற சரவணகுமாருக்கு நான்கு ரோடுகளில் பேனர் வைப்பது தருமனின் பொறுப்பு. கடையிலிருந்த பழைய மானிட்டர் எதையும் கொஞ்சம் நீலமாகக் காட்டும். மாறன் அதற்குப் பழகியிருந்தான். திரையில் முகம் லேசாக நீலம் பாய்ந்து தெரிந்தால் பிரிண்டில் சரியாக வரும் என்பது அவன் கணக்கு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர் என்று எத்தனையோ முகங்களை அப்படித்தான் வெளுக்க வைத்திருந்தான்.

அன்றும் அந்த நீலம் வரும்வரை முகத்தின் கலரை இழுத்து வைத்தான். அச்சாகி வந்த பேனரைச் சுருட்டியபடியே ஆட்கள் எடுத்துப் போனார்கள். பஸ் ஸ்டாப்பில் விரித்துக் கட்டியபோது ஊதா வானத்துக்கு நடுவில் சரவணகுமார் சாம்பல் முகத்தோடு கைகூப்பிச் சிரித்தார். கண்ணீர் அஞ்சலி பேனரில்தான் முகம் அப்படி இருக்கும். விடிவதற்குள் யாரோ அதற்கு ஒரு சாமந்தி மாலையைப் போட்டு, அடியில் ஊதுவத்தியும் கொளுத்தி, படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். வெளியூர் உறவுக்காரர்கள் சரவணகுமார் வீட்டுக்குப் போன் செய்து, போனை எடுத்தது யார் என்று தெரியாமலே அழுதார்கள்.

அன்று மதியம் பேனர் கடையின் கண்ணாடிக் கதவை யாரோ உதைத்தார்கள். தருமனும் இன்னும் இரண்டு பேரும். பேனரைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதன் ஓரங்களில் ஆணியோடு மரச்சில்லுகள் தொங்கின.

"எவன்டா செஞ்சது இத?"

சக்கரவர்த்தி மாறனைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது.

தருமன் அவன் தலைமுடியைப் பிடித்து நாற்காலியோடு இழுத்தான். நாற்காலி கவிழ்ந்தது. விரித்துப்போட்ட பேனரின் மேல் அவன் முகத்தை வைத்துப் பூட்ஸ் காலால் பிடரியை மிதித்தான். மை வாசனை மூக்குக்குள் போனது. சரவணகுமாரின் சாம்பல் கன்னத்தில் மாறனின் உதட்டு ரத்தம் வழிந்து, ஃப்ளெக்ஸில் ஒட்டாமல் முத்து முத்தாக நின்றது.

"பாருடா! பொணமா இவரு? சொல்லு, பொணமா?"

"அண்ணே, மானிட்டர்ல கலரு…"

"காலனியிலேர்ந்து வந்து ஏசில உக்காந்து மவுஸ் புடிச்சிட்டா, எங்கண்ணனுக்கே நீ அஞ்சலி போடுவியா?"

மற்றவர்கள் மரச்சட்டத்தால் முதுகில் அடித்தார்கள். சட்டம் முறிந்ததும் முறிந்த முனையாலேயே குத்தினார்கள். மாறன் மேசைக்கடியில் புகுந்தான். கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். தருமன் மானிட்டரை ஒயரோடு பிடுங்கி இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். மாறன் மல்லாந்து கிடந்தான். கடைசியாக இரண்டு கண்ணாலும் அவன் பார்த்தது அந்தக் கறுப்புச் சதுரம் கீழே இறங்குவதைத்தான்.

மானிட்டரும் கண்ணும் ஒரே அடியில் போயின.

"காலனி" என்ற வார்த்தையால் ஸ்டேஷனில் பேச்சு நீண்டது. வன்கொடுமை கேஸ் ஆனால் ஜாமீன் கிடைக்காது என்று சரவணகுமாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் சமாதானம் ஆயிற்று. உடைந்த மானிட்டருக்குப் பதில் புதிதாக ஒன்று, மாறன் விரும்புகிற மாதிரியே வாங்கித் தருவார்கள். மாறன், பேனர் கட்டும்போது ஏணியிலிருந்து தவறி விழுந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டான். அப்போது கண் வீங்கி மூடியிருந்தது. வீக்கம் வடிந்தால் தெரியும் என்று நினைத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஊசிக்காகக் காத்திருக்கையில் சக்கரவர்த்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "முந்தின நாளு மேட்ச் பாக்கறப்ப கண்ணு கூசுதுன்னு நாந்தான்டா மானிட்டர்ல பட்டன அமுக்கி மஞ்சளாக்கி வெச்சேன். மறுபடி மாத்த மறந்துட்டேன். வெளிய சொல்லிக்காத, இன்னா?" என்றார். பிறகு அவனுக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஷட்டர் முழுதாக ஏறியது. விற்பனைப் பெண் கவியா அவர்களைக் கடைசி வரிசைக்கு அழைத்துப் போனாள்.

"கேமிங்கா சார், ஆபீஸ் யூஸா?"

"பேனர் டிசைன்" என்றான் மாறன். "ஃபோர் கே வேணும். கலர் பிரிண்டுக்கு வர்றாப்பலயே காட்டணும்."

"இது இன்னாம்மா?" தருமன் வேறு ஒன்றின் முன்னால் நின்றுவிட்டான். வளைந்த திரை, அவன் கை விரித்த அகலம் இருந்தது. "மாறா, இது எடுத்துக்கோ. சைஸும் ஜாஸ்தி, ரேட்டும் கம்மி."

"அது சைஸுதான் சார் பெருசு" என்றாள் கவியா. "புள்ளி கம்மி. கிட்ட உக்காந்தா எழுத்தெல்லாம் பிசுறு தட்டும். அந்தண்ட இருக்குதே, அது சின்னதா தெரிஞ்சாலும் அதவிட ரெண்டு பங்குக்கு மேல புள்ளி."

"புள்ளி எண்ணியா பேனர் கட்டப்போறோம்?"

மாறனுக்கு அந்தச் சின்னதுதான் வேண்டும். திரையில் தெரிவதே பிரிண்டில் வரும் என்றால் மனதுக்குள் கூட்டவும் கழிக்கவும் வேண்டாம். ஒரு கண் போதும். இந்த ஒரு வாரமாக அவன் போனில் அந்த மானிட்டரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தான். சிந்துஜா தூங்கிய பிறகு போனை இடது கண்ணருகே பிடித்துக்கொண்டு, அதில் கிடைக்கக்கூடிய நிறங்களைக் கற்பனை செய்தான்.

சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான். எந்த மானிட்டரையும் தனக்குத் தெரிந்த முகத்தைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அவனுக்கு இப்போது மிக நன்றாகத் தெரிந்த முகம் ஒன்றுதான். பென்டிரைவைச் செருகப் போனபோது அது துளைக்கு இந்தப் பக்கம் காற்றில் குத்தியது. மறுபடி குத்தியது. கவியா அவன் கையிலிருந்து வாங்கிச் செருகினாள்.

இரண்டு திரைகளிலும் சரவணகுமார் தோன்றினார்.

"யப்பா!" தருமன் சின்னத் திரையில் மூக்கை வைத்தான். "அண்ணன் மூக்குல இவ்ளோ ஓட்டையா? இந்தத் தழும்பு எப்பத்துது? இத இவருக்கே காட்டிடாதீங்க, சாமி."

சக்கரவர்த்தியும் சிரித்தார்.

"இங்க வந்து நில்லுங்கண்ணே" என்று மாறன் அவனை வளைந்த திரையின் ஓரத்துக்கு நகர்த்தினான். அங்கிருந்து சாய்வாகப் பார்த்தபோது நிறம் மாறி, சரவணகுமாரின் கன்னம் வெளிறி, உதட்டைச் சுற்றி மண் நிறம் படர்ந்தது. "பாத்தீங்களா? இத வாங்குனா அண்ணன் மொகம் மறுபடி அப்படித்தான் வரும். அப்புறம் எங்கிட்ட கேக்கக்கூடாது."

தருமன் சிரிப்பை நிறுத்தினான். இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "அந்தச் சின்னத போடும்மா" என்றான் கவியாவிடம். குரல் தாழ்ந்திருந்தது.

அந்த நிமிடம் மாறனின் முதுகு நேரானது. சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் சிந்துஜா உட்கார்ந்திருப்பதுகூட அவனுக்குத் தெரிந்தது.

கவியா விலைச்சீட்டைக் கழற்ற மானிட்டரை அணைத்தாள். தருமன் பணம் கட்டப் போனான். பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது. மாறன் கைகட்டி அந்தக் கறுத்த திரையையே பார்த்து நின்றான். அதில் அவன் முகமும் கறுப்புக் கண்ணாடியும் மங்கலாகத் தெரிந்தன. வலது காதுக்குப் பக்கத்தில் வேறு ஏதோ அசைந்தது. ஒரு கை. அதில் ஒரு டீ கிளாஸ். கிளாஸ் அவன் முகத்துக்கு நேராக முன்னும் பின்னும் போய் வந்தது. பிறகு கை கிளாஸை மேசையில் வைத்தது. வெறும் விரல்களை விரித்து, அவன் கண்ணருகே கொண்டுவந்து ஆட்டியது. எவ்வளவு நேரமாக ஆட்டுகிறதோ.

மாறன் சட்டென்று திரும்பினான். சக்கரவர்த்தி கையை மடக்கிக்கொண்டார்.

"டீய குடி, ஆறிடும்" என்றார்.

"அண்ணே, ஒரு ஆபரேஷன் பண்ணா சரியாயிடும். நீங்க மட்டும்…"

"குடி மாறா மொதல்ல."

பேனர் கடைக்குத் திரும்பியதும் பெட்டியைப் பிரித்தது மாறன்தான். தெர்மாக்கோலை நீக்கி, திரையின் மேலிருந்த மெல்லிய தாளைக் கிழியாமல் உரித்தான். சக்கரவர்த்தி உள்ளேயிருந்து ஒரு அக்ரிலிக் ஷீட்டை எடுத்து வந்தார். பெயர்ப்பலகைக்கு வாங்கியது, கனமானது.

"இத அளவு எடுத்து முன்னாடி ஸ்க்ரூ பண்ணு. நாளைக்கி எவனாவது வந்து கைய வெச்சாலும் ஸ்க்ரீனுக்கு ஒன்னும் ஆவக்கூடாது."

மாறன் அறுத்தான், துளையிட்டான், நான்கு மூலையிலும் முடுக்கினான். சுத்தியலின் பின்பக்கத்தால் சக்கரவர்த்தி ஒருமுறை தட்டிப் பார்த்தார். ஷீட் அசையவில்லை. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பிறகு கோபிக்குப் போன் செய்தார்.

"உன்ன அனுப்பிடுவேன்னு நெனைக்காத" என்றார், போனை வைத்துவிட்டு. "வேல இருக்குது. ஃப்ரேம் அடி, பேனர் கட்டு. அதுக்குக் கலரு தெரிய வேணாம்." அதற்கான கூலி வேறு என்று அவர் சொல்லவில்லை. மாறனுக்குத் தெரியும். முன்பணம் கேட்காமலே சுத்தியலைக் கையில் எடுத்தான்.

புது மானிட்டரில் முதல் வேலையாகச் சரவணகுமாரின் பேனரையே கோபி திரும்பச் செய்தான். பிறந்தநாள் கொண்டாட்டம் தள்ளிப்போய், குலதெய்வத்துக்குப் பரிகாரம் முடிந்து, விழா ஞாயிற்றுக்கிழமை என்று ஆகியிருந்தது. பிரிண்ட் அற்புதமாக வந்தது. கன்னத்தில் ரோஜா நிறம். தழும்பு இல்லை, ஓட்டை இல்லை. தருமன் அதைப் பார்த்து, "இதான்டா மொகம்" என்று கோபியின் தோளில் தட்டினான்.

பஸ் ஸ்டாப்பில் மூங்கில் சாரத்தோடு ஏணியைச் சாத்தினார்கள். மாறன் கட்டுக்கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினான். உச்சிப்படியில் நின்று இடது மூலையைக் கட்டினான். வலது மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டி மூங்கிலைப் பிடித்தான். மூங்கில் அங்கே இல்லை. ஏணி ஒருபக்கம் சாய்ந்து, சுவரை உரசி நின்றது.

"டேய், பாத்துக் கட்டுடா!" கீழேயிருந்து தருமன் கத்தினான். "விழுந்துடப் போற!"

மாறன் பேனரோடு ஒட்டி நின்றான். சரவணகுமாரின் ரோஜா நிறக் கன்னம் அவன் முகம் முழுவதையும் மறைத்தது. வலது கையை மட்டும் மறுபடி மெதுவாக வெளியே விட்டு, விரல்களை விரித்து, மூங்கிலைத் தேடிக் காற்றைத் தடவினான்.